ஏழுமலையின் ரிஜிஸ்டரில் நான் போட்ட கையெழுத்து

நம் ஆய்வகத்து அனிமல் ஹவுஸில் ஒரு வழக்கம் இருக்கிறது. ரிஜிஸ்டரில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை எழுதியவர் தினமும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்ட பிறகுதான் ஆய்வாளர் கையெழுத்துப் போடலாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இது பெரிய தொல்லையாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். “ஸ்கூல் பிரேயர் மாதிரி இருக்கு” என்று உங்களில் ஒருவர் கேண்டீனில் சொன்னாராம். சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். ஏன் கொண்டுவந்தேன் என்று யாரிடமும் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. ஆய்வகத்துத் தமிழ் நண்பர்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, பெருமையாகச் சொல்ல நாலு விஷயம் நினைவுக்கு வந்தது. அவற்றை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நுண்ணுயிரியலில் எனக்கு ஓரளவு பெயர் வந்திருந்த நேரம். பெயர் வந்துவிட்டதாக நானே நினைத்துக்கொண்டிருந்த நேரம் என்றும் சொல்லலாம். நரம்பைத் தாக்கும் ஒரு நஞ்சைச் சுரக்கும் பாக்டீரியா ஒன்றை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நகரத்தின் இன்னொரு மூலையில் ஒரு மூலக்கூறு இயற்பியல்காரர் அதே நஞ்சின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அந்த மூலக்கூறு எங்கே மடிகிறது, எங்கே நெளிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் சின்ன மாற்றம் செய்தால் உருவம் அப்படியே இருக்கும், விஷம் மட்டும் போய்விடும் என்பது அவர் கணக்கு. உடம்பு அந்த உருவத்தைப் பார்த்து எதிர்ப்புச் சக்தியை வளர்த்துக்கொள்ளும். நல்ல தடுப்பூசி கிடைக்கும். மாற்றிய நஞ்சை பாக்டீரியாவிடமிருந்து வாங்கித் தருவதும், முயலுக்குப் போட்டுப் பார்ப்பதும் என் வேலை.

நல்ல மனிதர் அவர். ஆனால் முயல் என்பது ரத்தமும் சதையும் உள்ள ஒன்று என்பது அவருக்குக் கடைசிவரை உறைத்ததா என்று எனக்குச் சந்தேகம். ஒரு தடவை அனிமல் ஹவுஸுக்கு வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, “இவ்வளவு வாசனை வருமா?” என்று கேட்டுவிட்டுப் போனவர் பிறகு வரவே இல்லை. போனில் மட்டும் வருவார்.

பன்னிரண்டு முயல்கள். ஒன்று முதல் ஆறு வரை உள்ள கூண்டுகளுக்கு மாற்றிய நஞ்சு. மற்ற ஆறுக்கும் வெறும் உப்புத் தண்ணீர். இவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஏழுமலை. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயசு இருக்கும். பெங்களூர் ஈஜிபுராவில் ஒற்றை அறை வீட்டில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் குடியிருந்தார். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். மற்றவர்கள் என்று நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு மாநில அரசில் பொதுப்பணித் துறை வேலை. அல்சூர் வீட்டில் தமிழ் பேசினோம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் கன்னடமும் படித்தோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். எனக்குத் தமிழ் பேச வரும், சண்டை போட வரும், பாட்டுக் கேட்டால் கண் கலங்க வரும். படிக்க மட்டும் வராது. கல்யாணப் பத்திரிகை வந்தால் அம்மாவிடம் கொடுத்து, “யாருக்கு, எங்கே, எப்போ?” என்று கேட்டுக்கொள்வேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை, வீட்டுக்குள் இருக்கும் வரை.

ஏழுமலை வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

“மேடம், நம்பருங்க எல்லாம் போட்டுடுவேன். இந்தக் கடைசியா இருக்கிறதுல இங்கிலீஷ்ல எழுத வராது. தமிழ்ல எழுதட்டா?”

பக்கத்தில் தார்வாட்டிலிருந்து வந்த என் ஆராய்ச்சி மாணவி நின்றுகொண்டிருந்தாள். தன் பாஷையில் எழுதிக்கொள்ள ஒருவருக்கு இடம் கொடுக்கும் பெரிய மனுஷியாக அவள் முன்னால் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

“தாராளமா எழுதுங்க ஏழுமலை. நான்தான் இருக்கேனே!”

எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. எடை, தீனி, உடம்புச் சூடு என்று எண்கள் இருந்த கட்டங்களை மாணவி கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். கன்னடக்காரியான அவளுக்குத் தமிழ் படிக்க வராது, குறிப்புக் கட்டத்தை மேடம் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவாள். மேடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்தின் அடியில் அழகாக ஒரு ஆங்கிலக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கட்டத்தில் என்ன இருக்கப்போகிறது, கூண்டு கழுவினேன், குதிரைமசால் தழை வைத்தேன் என்றுதானே இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

முதல் ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனது. பூஸ்டர் ஊசி போட வேண்டிய நாள். அன்று காலை நடந்ததை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இயற்பியல்காரர் அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு கருத்தரங்கில் பேச வேண்டும். முடிவு இல்லாமல் போக முடியாது. காலையில் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். “எடை எப்படி? சூடு எப்படி?” என்று கேட்டார். எல்லாம் ஒழுங்கு என்றேன். எடை ஏறிக்கொண்டுதான் இருந்தது. தீனி குறையவில்லை.

மருந்தை எடுத்துக்கொண்டு கீழே போனபோது ஏழுமலை வாசலிலேயே நின்றிருந்தார்.

“மேடம், மூணாம் நம்பர் காலை இழுக்குது. அஞ்சும் சரியில்ல. எழுதிகூட வெச்சிருக்கேன் பாருங்க.”

“எந்தக் கால்?”

“பின்னங்காலு. கூண்டு கழுவ வெளிய எடுத்து விட்டா தெரியும். குதிக்கச் சொல்ல ஒரு பக்கமா சாயுது. இன்னிக்கு ஊசி வேணாம் மேடம், ரெண்டு நாள் பாத்துட்டு போடலாமே.”

போய்ப் பார்த்தேன். மூன்றாம் நம்பர் முயல் மூலையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருக்கும் முயல் எப்போதும் நன்றாகத்தான் தெரியும். அதை வெளியே எடுத்துத் தரையில் விட்டுப் பார்க்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். ரிஜிஸ்டரை ஏழுமலை திறந்து நீட்டினார். அதில் எந்த நாளிலிருந்து என்று விவரமாக இருந்தது. நான் வரிகளின் மேல் கண்ணை ஓட்டினேன், படிப்பது போல. தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையலாம் போலிருக்கிறது.

“எடை எல்லாம் சரியா இருக்கு ஏழுமலை. கூண்டுக் கம்பியில கால் மாட்டியிருக்கும். நான் பாத்துக்கறேன்” என்றேன்.

பூஸ்டர் போட்டேன். ஆறுக்கும்.

இரண்டாம் நாள் மூன்றாம் நம்பருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் பின்னங்கால்கள் முழுசாக விழுந்துவிட்டன. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டுக்கு. மாற்றிய நஞ்சில் விஷம் போகவில்லை, மெதுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கால்நடை மருத்துவர் வெளியூர் போயிருந்தார். அவர் வந்து அவற்றின் வேதனையை முடித்துவைக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஏழுமலை வீட்டுக்குப் போனாரா என்று தெரியாது. நான் போகும்போதெல்லாம் ஏதோ ஒரு முயலை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சில் தண்ணீர் நனைத்து வாயில் பிழிந்துகொண்டிருப்பார். முயல் கத்தாது என்று படித்திருப்பீர்கள். கத்தும். நான் கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் விலங்கு நலத்துக்கென்று ஆய்வகங்களில் கமிட்டி அமைக்கும் நடைமுறை வந்திருந்தது. விஞ்ஞானத்துக்குச் சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர் அதில் இருக்க வேண்டும். எங்கள் கமிட்டியில் அப்படி இருந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பாங்க் மேனேஜர். ஷிமோகா பக்கத்துக்காரர். கூட்டத்துக்குக் கூட்டம் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். நாங்கள் அவரைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தோம்.

விசாரணை நடந்தது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: முதல் ஊசிக்குப் பிறகே அறிகுறி தெரிந்ததா? தெரிந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஏன் யாரும் சொல்லவில்லை?

இயக்குநர் ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டார். ஏழுமலை சுவரோரமாக நின்றபடி, தெரிந்த கன்னடத்தில் சொன்னார்: “ஹேளித்தே சார். பரெதூ இத்தீனி.” சொன்னேன், எழுதியும் வைத்திருக்கிறேன் என்று.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “முயல் டல்லா இருக்குன்னு பொதுவா ஏதோ சொன்னார். குறிப்பா எதுவும் சொல்லல” என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னால் அது பொய்யாகவே தோன்றுவதில்லை.

பாங்க் மேனேஜர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்தார். பக்கங்களைப் புரட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு அடியில் இருந்த என் கையெழுத்தில் வைத்தார். அதுவரை ஆங்கிலத்தில் நடந்த பேச்சு ஏழுமலைக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, கன்னடத்துக்கு மாறினார்.

“இது நீவு ஓதித்தீரா மேடம்?”

இதைப் படித்தீர்களா என்று கேட்கிறார். எனக்குத் தமிழ் படிக்க வராது சார் என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேண்டீனிலிருந்து தமிழ் படிக்கத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள். நாலு வரி படித்திருப்பார்கள். நான் ஒரு அரை மணி நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்திருப்பேன். அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்திருந்த மாணவியைப் பார்த்தேன். ‘நான்தான் இருக்கேனே’ என்று அவள் முன்னால் சொன்ன வாய் அது.

“ஓதித்தீனி சார்” என்றேன். “எல்லாம் வழக்கமான குறிப்புதான். கூண்டு கழுவினது, தீனி வெச்சது.”

மேனேஜர் ஒரு கணம் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்று அந்த அறையில் இருந்த ஆறு படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டர் பட்டம் வாங்கியவள் சொல்வதை விட்டுவிட்டு ஒப்பந்த ஊழியர் சொல்வதை யார் கேட்பது? பராமரிப்பாளர் தெளிவாகத் தகவல் தரவில்லை என்று எழுதி முடித்தார்கள். அந்த வருஷம் ஏழுமலையின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என் மேல் ஒரு கீறலும் விழவில்லை.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். “பாங்க்ல ஒரு கையெழுத்தைப் பத்தித் தகராறு வந்தா ரெண்டு விஷயம் பாப்போம் மேடம். யார் போட்டாங்க, எதைப் பாத்துப் போட்டாங்க. முதல் விஷயம் சுலபம்” என்று கன்னடத்தில் சொன்னார். காபியை ஆற்றிக்கொண்டே நின்றார். நான் பேசுவதற்காகத்தான் நின்றார் என்று இப்போது தெரிகிறது. நான், “இன்னிக்கு வெயில் அதிகம் சார்” என்றேன்.

எட்டு மாதம் தள்ளிப் போட்டேன். பிறகு ஒரு நாள் அம்மாவிடம் போய், எனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடு என்றேன்.

“என்னடி இது, நாப்பத்தஞ்சு வயசுல திடீர்னு அ, ஆ? யாருக்குக் கடுதாசி எழுதப்போறே?” என்று சிரித்தாள். நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கிழித்துச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு மாதம் பிடித்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் பதிவேட்டு அறைக்குப் போய் அந்த ரிஜிஸ்டரை எடுத்தேன்.

“கூண்டு 3. இடது பின்னங்கால் இழுக்குது. ஊசி போட்டு பத்தாம் நாள்.” அதற்கு மறுநாள்: “3 அப்படியே. மேடம் ஆபீசில் இல்லை.” அதற்கும் மறுநாள்: “3, 5 ரெண்டும் சாயுது. மேடத்துக்கு சொல்லணும்.” பூஸ்டர் போட்ட அன்று: “மேடத்துக்கு சொன்னேன். பாத்துக்கறேன்னு சொன்னாங்க.” அதன் பிறகு: “5 தலை தூக்கலை. பஞ்சில் தண்ணி குடுத்தேன். ரெண்டு தடவை குடிச்சுது.” அடியில் என் கையெழுத்து, சுழித்து, கோடு போட்டு, அழகாக. உட்கார்ந்து அழுதேன். அழுததால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இயற்பியல்காரருக்கு அன்றே போன் செய்தேன். அறிகுறி பூஸ்டருக்குப் பிறகு வரவில்லை, பத்தாம் நாளே வந்துவிட்டது என்றேன். இரண்டாவது ஊசியில்தான் கோளாறு என்று நினைத்து, மூலக்கூறின் தப்பான இடத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தார். “கிட்டத்தட்ட ஒரு வருஷம் போயிடுச்சு மேடம்” என்று சொல்லி வைத்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நடந்ததை எல்லாம் ஒரு கடிதமாக எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “முடிந்துபோன விஷயம். உங்களை நீங்களே ஏன் சிறுமைப்படுத்திக்கொள்ள வேண்டும்? ஒரு வாரம் யோசியுங்கள்” என்றார். நான் யோசித்துக்கொண்டே ஓய்வு பெற்றேன். வாய்விட்டுப் படிக்கும் வழக்கத்தை மட்டும், காரணம் சொல்லாமல், கொண்டுவந்தேன். கோழைகள் இப்படித்தான் பிராயச்சித்தம் செய்வார்கள், சுற்றறிக்கை போட்டு.

ஏழுமலையைத் தேடி ஈஜிபுரா போனேன். வீட்டைக் காலி செய்துவிட்டு ஹெப்பகோடிப் பக்கம் போய்விட்டார், அங்கே ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். ஒரு மத்தியானம் பஸ் பிடித்துப் போனேன். யூனிஃபார்ம் அவருக்குத் தோளில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க மேடம். இன்னா இவ்ளோ தூரம்?”

ஸ்டூலை எனக்குப் போட்டார். எதிர்க்கடையிலிருந்து டீ வரவழைத்தார். நான் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். எனக்கு அப்போது தமிழ் படிக்க வராது, அதை மறைத்தேன், இப்போது கற்றுக்கொண்டு உங்கள் குறிப்பைப் படித்தேன் என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“தெரியும் மேடம்” என்றார்.

“என்ன தெரியும்?”

“உங்களுக்குப் படிக்க வராதுன்னு. சேந்த புதுசுல, தண்ணிக் குழாய் ஒடஞ்சிருக்கு, ஆள் அனுப்புங்கன்னு மூணு வாரம் எழுதினேன். நீங்க மூணு வாரமும் கையெழுத்துப் போட்டுட்டு, ‘எல்லாம் சரியா இருக்கா ஏழுமலை?’ன்னு கேட்டீங்க. அப்பவே புரிஞ்சிடுச்சு. அதனாலதான் முயல் விஷயத்தை வாசல்ல நின்னு வாயால சொன்னேன்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒரு லாரி வந்தது. போய் நம்பரைக் குறித்துக்கொண்டு கேட்டைத் திறந்து விட்டுத் திரும்பி வந்தார்.

“அப்புறம் ஏன் கமிட்டியில சொல்லல?” என்று கேட்டேன். “இவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“அந்த பாங்க்குக்காரர் கேட்டாரில்ல மேடம், நீங்களே சொல்லிடுவீங்கன்னு பாத்துக்கினு நின்னேன்.” தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்கு ஒரு விஷயத்தைப் பொறுமையாக விளக்குகிறவர் போலத்தான் பேசினார்.

“படிக்க வராதுன்னு சொல்லியிருந்தா உங்கள யாரும் வேலைய விட்டு அனுப்பியிருக்க மாட்டாங்க மேடம்.”